மூன்றாவது நட்டுவாக்காலி

மரக்காணம் உப்பளத்துப் பக்கம் போய்க் கண்ணாயிரத்தின் வீடு எது என்று கேட்டால் ஆளுக்கு ஆள் உதட்டைப் பிதுக்குவார்கள். நட்டுவாக்காலி வீடு எது என்று கேட்டால், கேட்டு முடிப்பதற்குள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் வாசலில் விட்டுவிடுவார்கள். கொடுக்கைத் தூக்கிக்கொண்டு திரியுமே பெரிய கருந்தேள், அதற்குத்தான் நட்டுவாக்காலி என்று பெயர். கண்ணாயிரத்துக்கும் தேளுக்கும் ஒரு பொருத்தமும் கிடையாது. குள்ளமான மனுஷர். மிச்சமிருக்கும் முடியைப் பக்கவாட்டில் இழுத்துச் சீவி வழுக்கையை மறைக்கப் பார்ப்பார். கடற்காற்று அதை ஒரு நாளும் அனுமதித்ததில்லை. வீட்டுப் படி ஏறினால் முட்டி இரண்டும் கடகடவென்று சத்தம் போடும். கொட்டுகிற தேளுக்கு யாராவது முட்டியில் தைலம் தேய்த்துப் பார்த்திருக்கிறாயா என்று மனைவி லட்சுமியம்மாளிடம் கேட்பார். கேட்டுவிட்டு அவரே சிரித்தும் கொள்வார். லட்சுமியம்மாள் தைலத்தைத் தேய்ப்பாளே தவிர சிரிக்கமாட்டாள். கல்யாணமான புதிதிலேயே சிரித்து முடித்துவிட்டாள்.

இந்தப் பேர் எப்படி வந்தது என்பதற்குக் கண்ணாயிரத்திடம் ஒரு வரலாறு இருந்தது. கேட்டவர்களுக்கும் சொல்லுவார், கேட்காதவர்களுக்கும் சொல்லுவார்.

அவர் மீசை முளைக்கிற வயதில் கடைத்தெரு சலூனில் படக்கதைப் புத்தகங்கள் கிடக்கும். முடிவெட்டக் காத்திருப்பவர்கள் புரட்டுவதற்கு. கண்ணாயிரம் முடி வளராத வாரத்திலும் போய் பெஞ்சில் உட்கார்ந்துகொள்வார். அந்தப் புத்தகங்களில் துப்பறிகிறவன், அவனுடைய நாய், அவனைக் காதலிக்கிற பெண் எல்லாரும் இருந்தார்கள். கண்ணாயிரத்துக்கு அவர்கள் மேல் ஒட்டுதல் வரவில்லை. அவருக்குப் பிடித்தவன் வில்லன் நட்டுவாக்காலி. கறுப்பு அங்கி, கிடா மீசை, விரலில் தேள் மோதிரம், கடல்வழியாகக் கடத்தல். துப்பறிகிறவன் கட்டிப்போடப்பட்டுக் கிடக்கும்போது அவசரமே இல்லாமல் தன் திட்டத்தை ஆதியோடந்தமாக விளக்கிச் சொல்லுவான். அந்தப் பொறுமை கண்ணாயிரத்துக்கு ரொம்பப் பிடித்திருந்தது. கடைசியில் அவன் எரிகிற சுண்ணாம்புக் காளவாயில் விழுந்து செத்தான். கண்ணாயிரம் அன்று ராத்திரி சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்று வீட்டில் பொய் சொன்னார்.

சில வருஷம் போனது. புத்தகம் விற்கவில்லையோ என்னவோ, அட்டையில் மறுபடியும் நட்டுவாக்காலி என்று கொட்டை எழுத்தில் போட்டார்கள். ஓடிப்போய்ப் பார்த்தால் வேறு ஆள். மீசை இல்லை, அங்கி இல்லை. சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட டாக்டர். மலைக்கோட்டைக்குள் ஆஸ்பத்திரி வைத்து மந்திரிகளின் மூளையை மாற்றிக்கொண்டிருந்தான். முதல் ஆளுக்கு இவன் தம்பியா, மகனா, பங்காளியா, ஒரு விவரமும் கிடையாது. இவனும் செத்தான். இன்னும் சில வருஷம் கழித்து மூன்றாவதாக ஒருத்தன் வந்தான். மொட்டைத் தலை, கம்ப்யூட்டர், ஆகாயத்தில் மிதக்கும் கூண்டு. பேர் மட்டும் அதே நட்டுவாக்காலி.

வாசகர்கள் சும்மா விடுவார்களா? காளவாயில் வெந்தவன் கம்ப்யூட்டரை எப்படித் தட்டுகிறான் என்று ஒருத்தர் எழுதிக் கேட்டுவிட்டார். ஆசிரியர் கொஞ்சம்கூட அசரவில்லை. நட்டுவாக்காலி என்பது ஓர் ஆளின் பெயரன்று, ஒரு நாற்காலியின் பெயர். உட்காருகிறவன் மாறுவான், பெயர் மாறாது என்று பதில் போட்டார். கண்ணாயிரம் அதைப் படித்துவிட்டுச் சலூன் பெஞ்சிலேயே எழுந்து நின்றுவிட்டார். காரணம், அந்த விஷயத்தை அவர் ஏற்கெனவே உப்பளத்தில் கண்டுபிடித்து வைத்திருந்தார்.

உப்பளத்தில் எல்லாரும் வெயிலில் நிற்பார்கள், ஒருத்தர் மட்டும் கறுப்புக் குடைக்குக் கீழே நிற்பார். அவர்தான் மேஸ்திரி. எந்தப் பாத்தியில் இன்று உப்பு வார வேண்டும், எதில் இன்னும் தண்ணீர் காய வேண்டும், யார் பலகை பிடிப்பது, யார் கூடை சுமப்பது, எல்லாம் அவர் வாய்ச்சொல். கண்ணாயிரம் வேலைக்குச் சேர்ந்தபோது ராஜாங்கம் மேஸ்திரி. கிடா மீசைக்காரர். கண்ணாயிரம் முதல் வாரமே அவருக்கு நட்டுவாக்காலி என்று பேர் வைத்துவிட்டார். படக்கதையில் டாக்டர் வந்த சமயம், ராஜாங்கம் போய் ஆரோக்கியராஜ் மேஸ்திரியாக வந்தார். அவர் கண்ணுக்கு சோடாபுட்டிக் கண்ணாடி. கண்ணாயிரத்துக்கு உடம்பு சிலிர்த்தது. இது தற்செயல் இல்லை என்று வரப்பு வரப்பாகப் போய் விளக்கினார். பெண்கள் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டே கேட்டார்கள்.

ஆரோக்கியராஜுக்குக் கண்ணாயிரத்தைப் பிடித்துப்போயிற்று. கூடவே வைத்துக்கொண்டார். மேஸ்திரி முன்னால் நடக்க, தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு கண்ணாயிரம் பின்னால் நடப்பார். தூரத்தில் இவர்கள் தலை தெரிந்ததும் பெண்கள் பக்கமிருந்து, "நட்டுவாக்காலி வருதுடி" என்று ஒரு குரல் எழும். கண்ணாயிரம் கேனை வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு சிரிப்பார். பாவம், முன்னால் போகிற மனுஷனுக்குத் தன் பேர் தெரியவில்லையே என்று பரிதாபமும் படுவார்.

பிறகு ஆரோக்கியராஜ் மகன் வீட்டோடு போய்விட, குடை கண்ணாயிரத்தின் கைக்கு வந்தது. மறுநாள் விடியற்காலை வரப்பில் கால் வைத்தார். "நட்டுவாக்காலி வருதுடி" என்றது அதே குரல். முன்னால் யாராவது போகிறார்களா என்று பார்த்தார். தண்ணீர்தான் இருந்தது. சரி, ஆசிரியர் சொன்ன மாதிரி நாற்காலி நம்மிடம் வந்துவிட்டது என்று விழுங்கிக்கொண்டார். படக்கதையின் மூன்றாவது ஆளுக்கு மொட்டைத் தலை என்பதை நினைத்துத் தன் முன்மண்டையைத் தடவிப் பார்த்தபோதுதான் கொஞ்சம் கசந்தது.

கசப்பு நாளாக நாளாக இனித்தது. இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. குளிக்கிற இடத்தில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு வில்லன் சிரிப்பைச் சிரித்துப் பார்ப்பார். பாதியில் இருமல் வந்துவிடும். வரப்பில் நடந்து வரும்போது புருவத்தை ஏற்றிக்கொள்வார். அவர் கிட்டே போனதும் பெண்களின் பேச்சு சட்டென்று நின்றுபோகும். தன்னைப் பார்த்து ஒரு கூட்டமே வாயடைத்துப் போகிறது என்பது குள்ளமான மனுஷனுக்குச் சின்ன விஷயமா? வீட்டில் லட்சுமியம்மாள் வெங்காயம் உரிக்கச் சொன்னால் உரிப்பார். காலையில் குடையைப் பிடித்ததும் அந்த வெங்காயமெல்லாம் மறந்துபோகும்.

இப்படிச் சுகமாகப் போய்க்கொண்டிருந்த வில்லத்தனத்துக்கு மகள் பிரியதர்ஷினி மூலமாக வினை வந்தது.

அவள் குயிலாப்பாளையத்தில் ஒரு விருந்தினர் விடுதியில் வரவேற்பு மேஜையில் வேலை பார்த்தாள். ஆரோவில்லில் ரொட்டி சுடும் வேலையிலிருந்த பிரபு தினமும் அந்த விடுதிக்கு ரொட்டி கொண்டுவந்து போடுவான். தேவைக்கு மேல் ரொட்டி வருகிறதே என்று விடுதிக்காரர் யோசித்த சமயத்தில் இரண்டு பேரும் வீட்டில் சொல்லிவிட்டார்கள். பையன் இரும்பை ஊர்க்காரன், விவசாயக் குடும்பம். கண்ணாயிரத்துக்கும் லட்சுமியம்மாளுக்கும் பரம சந்தோஷம். பையனின் அப்பா தனக்கோடிதான் மரக்காணத்தில் ஆள் விட்டு விசாரித்தார். விசாரிப்பு ஒரே வார்த்தையில் திரும்பி வந்தது. பெண்ணின் அப்பா உப்பளத்து மேஸ்திரி, ஊரே அவரை நட்டுவாக்காலி என்கிறது.

தனக்கோடியின் தங்கை கொடுமைக்கார மாமனார் வீட்டில் வாழப்போய்ப் பட்ட பாடு அந்தக் குடும்பத்துக்கு ஆறாத காயம். பொம்பளைகளை வெயிலில் நிற்கவைத்து வேலை வாங்கி இப்படி ஒரு பேரை எடுத்தவன் வீட்டில் சம்பந்தமா என்று அவர் மகனிடம் கேட்டிருக்கிறார். பிரபு கெஞ்சியதில், ஆடி கழிந்ததும் நேரில் வந்து பார்ப்பதாகவும், பிடிக்கவில்லை என்றால் அதோடு பேச்சை விட்டுவிட வேண்டும் என்றும் முடிவாகியிருக்கிறது. பிரியதர்ஷினி இதைச் சொல்லும்போது அழவில்லை. அழுதிருந்தால்கூடச் சமாளித்திருப்பார்.

"அந்தப் பேரை என்னா வேணா பண்ணுங்கப்பா. எனக்கு அவன் வேணும்."

கண்ணாயிரம் விடிய விடிய யோசித்தார். யோசிக்க என்ன இருக்கிறது? நாற்காலியின் பேர்தானே, நாற்காலியை விட்டு எழுந்துவிட்டால் தீர்ந்தது. ஆடி முடிவதற்குள் பேர் அடுத்த ஆளுக்குப் போய்விடும். மறுநாளே முதலாளியிடம் போய் முட்டிவலியைக் காரணம் காட்டி மேஸ்திரி வேலையை விட்டுக்கொடுத்தார். முதலாளி கொஞ்சமாவது தடுப்பார் என்று எதிர்பார்த்திருந்தார். முதலாளியோ நல்லதாகப் போயிற்று என்கிற மாதிரி சகாயமேரியை மேஸ்திரி ஆக்கினார். கூடை சுமந்து வளர்ந்த பெண், செல்போனிலேயே ஆள் கணக்கு லோடு கணக்கெல்லாம் போடுவாள். கண்ணாயிரத்துக்கு மோட்டார் கொட்டகையில் ஸ்விட்ச் போட்டு அணைக்கிற வேலை கிடைத்தது. பேரு போவுதோ இல்லியோ குடை போச்சு என்றாள் லட்சுமியம்மாள்.

மேஸ்திரி வேலைக்கு ஒரு பெண் வந்ததில் அவருக்கு முதலில் சின்னச் சந்தேகம் இருந்தது. பிரியதர்ஷினி செல்போனில் ஒன்றைக் காட்டினாள். பழைய படக்கதையைப் புது ஆட்கள் மறுபடி போடுகிறார்களாம். நான்காவது நட்டுவாக்காலி ஒரு பெண்ணாம், தோல் சட்டையும் மோட்டார் பைக்குமாய் அட்டையில் நின்றாள். கண்ணாயிரம் போனை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எல்லாம் கூடி வருகிறது என்று மகளுக்குத் தைரியம் சொன்னார்.

குடையைக் கைமாற்றும் காரியத்தை ஊரறியச் செய்தார். பெண்கள் எல்லாரையும் பம்ப் பக்கமாகக் கூட்டி, இன்றைக்கு முதல் இவங்கதான் என்று சொல்லிக் குடையைச் சகாயமேரியிடம் கொடுத்துவிட்டுக் காது கொடுத்துக் காத்திருந்தார். வா மேரி, நேரமாவுது, என்று ஒருத்தி சொன்னாள். எல்லாரும் பாத்திக்குப் போய்விட்டார்கள். முதல் நாள், கூச்சப்படுகிறார்கள் என்று கண்ணாயிரம் நினைத்துக்கொண்டார்.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு டீ குடிக்கிற நேரத்தில் கூட்டத்துக்குப் பக்கத்தில் போய், புது நட்டுவாக்காலி எப்படி என்று பொதுவாகக் கேட்டார். கேட்டதுதான் தாமதம், உட்கார்ந்திருந்தவர்கள் புடவையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார்கள். ஒருத்தி கூடையைக் கவிழ்த்துத் தட்டினாள். எங்கே, எங்கே என்று ஒரே களேபரம். டீ கொட்டியது. டீ நேரம் முடிந்த பிறகும் ஒரு தேளும் அகப்படவில்லை. கண்ணாயிரமும் குனிந்து கல்லைப் புரட்டித் தேட வேண்டியதாயிற்று.

ஜனங்களுக்குச் சகாயமேரி மேல் கோபம் வந்தால் பேர் தானாக ஒட்டும் என்று தோன்றியது. கொட்டகையிலிருந்து போய் அவளுக்கு யோசனை சொன்னார். லேட்டாக வருகிறவளைத் திருப்பி அனுப்பு, வேலை நேரத்தில் வம்பு பேசினால் விடாதே, மேஸ்திரி என்றால் ஒரு பயம் இருக்க வேண்டும். அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். கேட்டதோடு நிற்காமல் செய்தும் காட்டினாள். விடிந்து வந்தவர்களைத் திருப்பி அனுப்பினாள், திரும்பிப் போனவர்கள் உண்மையிலேயே வீடு போய்ச் சேருகிறார்களா என்று வரப்புக் கடைசிவரை போய் நின்று பார்த்தாள். பெண்கள் கொதித்துப்போனார்கள். கண்ணாயிரம் கொட்டகைக் கதவுக்குப் பின்னால் நின்று சந்தோஷமாகக் காத்திருந்தார். இரண்டு நாளில் பேர் வந்தே விட்டது. கலெக்டரம்மா.

அன்றைக்குத்தான் அவருக்குப் பயம் வந்தது. புது வில்லிக்குப் புதுப் பேர் வைத்துவிட்டார்கள். பழைய பேர் எங்கே போகும்? கலெக்டரம்மா பேர் நல்லா இல்லக்கா, நம்ம பழைய பேரே நல்லா இருக்குது என்று இரண்டு மூன்று பேரிடம் சிபாரிசு செய்து பார்த்தார். வயசானா இப்படித்தான் என்று அவர்கள் தங்களுக்குள் பார்த்துக்கொண்டார்கள். ஆடி முடிந்தது.

இரும்பைக்காரர்கள் வருகிற காலையில் கண்ணாயிரம் வெள்ளை வேட்டி சட்டையில், முடியை எண்ணெய் போட்டு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பஸ் நிறுத்தத்துக் கடைக்காரரிடம், கண்ணாயிரம் வீடு என்று கேட்டு ஆட்கள் வருவார்கள், வழி காட்ட வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார். கடைக்காரர் அதை யாரோ கண்ணாயிரம் என்று நினைத்துக்கொண்டதில் அவர்மேல் தப்பில்லை. தனக்கோடியும் அவர் மனைவியும் பிரபுவும் வெயிலில் நின்று விழிப்பதைத் தையல்நாயகி பார்த்திருக்கிறாள். கண்ணாயிரத்துக்கு மூத்தவள், அவர் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கூடை சுமக்கிறவள். நட்டுவாக்காலி வீட்டுக்குப் பொண்ணு பார்க்க வந்தவங்களா, என்னோட வாங்க என்று தெருவுக்கே கேட்கிற குரலில் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். வந்தவள் போகவும் இல்லை. வாசற்படியில் உட்கார்ந்துகொண்டாள்.

காபி கொடுத்தார்கள். மழை உண்டா, கிணற்றில் தண்ணீர் எப்படி, பொதுவான பேச்சு ஓடியது. தனக்கோடி நிதானமான மனிதர். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தொண்டையைக் கனைத்தார். பிரியதர்ஷினி சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தப்பா நெனைக்காதீங்க. ஊர்ல உங்களை எதுக்கு அப்பிடிக் கூப்பிடறாங்க?"

கண்ணாயிரம் ஒரு மாதமாக ஒத்திகை பார்த்த பதிலைச் சொன்னார். அது என் பேர் இல்லீங்க, மேஸ்திரி வேலையோட பேரு. எனக்கு முன்னால ராஜாங்கத்துக்கு இருந்தது, அப்புறம் ஆரோக்கியராஜுக்கு, அப்புறம்தான் எனக்கு. இப்போ வேலையையே விட்டுட்டேன், இனிமே பேரும் போயிடும். நல்ல பதில்தான். தனக்கோடியின் முகம்கூடக் கொஞ்சம் தெளிந்தது. வாசற்படியிலிருந்து தையல்நாயகி திரும்பினாள்.

"ராஜாங்கம் மாமாவை யாரு நட்டுவாக்காலின்னு கூப்பிட்டா?"

"எல்லாரும்தான்க்கா. நாமெல்லாம்."

"நீதான் கூப்பிட்டே. எங்களுக்கு அவரு மாமாதான். ஆரோக்கியராஜ் அண்ணனைக் கண்ணாடின்னு சொல்லுவோம்."

கண்ணாயிரம் சிரிக்கப் பார்த்தார். "அப்போ நட்டுவாக்காலி வருதுடின்னு தினமும் கத்துவீங்களே. அவரு வரும்போது?"

"அவரு பின்னால யாரு வந்தது?"

தையல்நாயகிக்குக் கண்ணாயிரத்தின் முகத்தைப் பார்த்ததும் விஷயம் விளங்கிவிட்டது. அவள் குரல் கொஞ்சம் இறங்கியது.

"ஏம்பா, உனக்குத் தெரியாதா? புக்கை இடுப்புல சொருவிக்கினு வந்து, நட்டுவாக்காலி சுட்டான், நட்டுவாக்காலி பறந்தான்னு வரப்புல நின்னு எங்களுக்குக் கதை சொல்லுவியே. வாயைத் தொறந்தா அதான். பின்ன உனக்கு வைக்காம வேற யாருக்கு வைக்கறது?"

கண்ணாயிரம் மெல்ல மனைவி பக்கம் திரும்பினார். லட்சுமியம்மாள் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். உங்களுக்குத் தெரியும்னுதான் நெனச்சேன் என்றாள். அவளைப் பெண் கேட்டு வந்தபோதே அவள் ஊரில், படக்கதை படிக்கிற நட்டுவாக்காலி என்றுதான் மாப்பிள்ளையை அடையாளம் சொன்னார்களாம். அப்போது அவர் கையில் குடையும் இல்லை, ஒன்றும் இல்லை. கேன்தான் இருந்தது.

தனக்கோடி துண்டை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. கடைசியில் அடக்கமுடியாமல் வாய்விட்டே சிரித்துவிட்டார். அவர் மனைவி சிரித்தாள், பிரபு தரையைப் பார்த்துச் சிரித்தான். என்னமோ பொம்பளைங்களைப் படுத்தற ஆளுன்னு பயந்துட்டே வந்தோம் என்று தனக்கோடி கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார். பிரியதர்ஷினியின் கை கதவை விட்டுவிட்டது. எல்லாம் சுபமாக முடியவேண்டிய இடம் அது. வேறு எந்தத் தகப்பனாக இருந்தாலும் அங்கே வாயை மூடிக்கொண்டிருப்பான்.

கண்ணாயிரத்தால் முடியவில்லை. இத்தனை வருஷ வில்லத்தனம் அவர் கண்ணெதிரில் கரைந்துகொண்டிருந்தது. புருவத்தை ஏற்றியது, குளிக்கிற இடத்தில் சிரித்துப் பழகியது, ஒரு கூட்டமே தன்னைப் பார்த்து வாயடைத்தது, ஒன்றும் கணக்கில் சேராதா?

"அப்பிடி இல்லீங்க" என்று ஆரம்பித்தார். "நான் கொஞ்சம் கண்டிப்பான ஆளுதாங்க. விடிஞ்சு வந்தா திருப்பி அனுப்பிடுவேன். ஈவு இரக்கமே பார்க்கமாட்டேன்."

தனக்கோடியின் சிரிப்பு நின்றது. அவர் தையல்நாயகியைப் பார்த்தார். கண்ணாயிரமும் பார்த்தார், ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லேன் என்று கெஞ்சுகிற பார்வை.

"அனுப்புவான்" என்றாள் தையல்நாயகி. "நாங்க கொட்டகைப் பக்கமா சுத்திக்கினு வந்து கூடையை எடுத்துக்குவோம். பார்த்துட்டுக் குடையை அந்தாண்ட சாய்ச்சிக்குவான்."

அது உண்மைதான். அதைத் தான் செய்ததே யாருக்கும் தெரியாது என்று அவர் நினைத்திருந்தார். ஒரு வில்லன் அப்படிச் செய்யலாமா என்று அவரே தன்னைப் பல நாள் திட்டிக்கொண்டதும் உண்டு. இல்லையென்று சாதிக்க வாயெடுத்தார். அப்போது மகளின் முகம் கண்ணில் பட்டது. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி நின்றாள். இன்னும் ஒரு வார்த்தை தன் பெருமைக்காகப் பேசினால் அவள் வாழ்க்கை இந்தக் கூடத்திலேயே முடிந்துவிடும் என்பது அவருக்கு உறைத்தது.

"ஆமாங்க" என்றார். "என்னைப் பார்த்து எவளும் பயந்ததில்ல."

மேஸ்திரி வேலையை விட்டபோது இவ்வளவு வலிக்கவில்லை. தனக்கோடி எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். ஆவணியிலேயே நிச்சயம் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். இவர் தலையாட்டினார். உள்ளே லட்சுமியம்மாள் கேசரி கிளறப் போனாள். பிரியதர்ஷினி வந்து அப்பாவின் தோளில் ஒரு நொடி முகத்தை வைத்துவிட்டு ஓடினாள். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, துக்கமும் தாங்கவில்லை. இரண்டுக்குமாகச் சேர்த்து ஒரே கேசரியைத்தான் சாப்பிட வேண்டியிருந்தது.

வந்தவர்கள் பஸ்ஸுக்குக் கிளம்பிப் போனார்கள். தையல்நாயகி இலையில் கொஞ்சம் கேசரியைப் பேரப்பிள்ளைகளுக்கு மடித்துக்கொண்டு படி இறங்கினாள். கண்ணாயிரம் அவளோடு தெருமுனைவரை நடந்தார். பாதி தூரம் போனார்கள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"யக்கா, ஒரு நாளாவது? சும்மா ஒரு தடவையாவது பயந்தீங்களா?"

அவள் நின்று, நிஜமாகவே யோசித்தாள்.

"ஒரு தடவை பயந்தோம். சித்திரை வெயில்ல மயக்கம் போட்டுப் பாத்தியில குப்புற விழுந்தியே, அன்னிக்கு. மூஞ்சி தண்ணிக்குள்ள இருந்துச்சு. நாங்கதான் பொரட்டிப் போட்டோம். கண்ணே தொறக்கல நீ." இலைப் பொட்டலத்தை இடுப்பில் செருகிக்கொண்டாள். "எல்லாரும் அழுதுட்டோம். நீ போயிட்டா இன்னொரு நட்டுவாக்காலிக்கு நாங்க எங்க போவோம்?"

சொல்லிவிட்டு அவள் தன் வீட்டுப் பக்கம் திரும்பிப் போனாள். கண்ணாயிரம் அங்கேயே நின்றார். கண் நிறைந்துவிட்டது. தெருவில் யாராவது பார்த்துவிடுவார்களே என்று சட்டைக் கையால் அவசரமாகத் துடைத்துக்கொண்டு, முட்டி கடகடக்க, வீட்டுக்குத் திரும்பி நடந்தார்.